ஒரே நெட்வொர்க், நான்கு விடைகள்: சிமுலேட்டரை மாற்றினால் முடிவு ஏன் மாறுகிறது?

சின்னக் கணக்கு ஒன்றோடு தொடங்குவோம். இரண்டு கணினிகள், நடுவில் விநாடிக்கு 100 மெகாபிட் லிங்க். ஒரு பாக்கெட் போய் அதற்கான ஒப்புதல் திரும்பி வர 100 மில்லிவிநாடி ஆகும். வேறு டிராஃபிக் கிடையாது, பாக்கெட் இழப்பும் கிடையாது. டிசிபி இணைப்பு ஒன்றைத் திறந்து பெரிய ஃபைல் ஒன்றை அனுப்புகிறோம். த்ரூபுட், அதாவது விநாடிக்குப் போய்ச் சேரும் தரவு, எவ்வளவு வரும்?

இதை நெட்வொர்க்குகளைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் மென்பொருள்களில், எந்த மதிப்பையும் தொடாமல் டிஃபால்டாகவே ஓட்டினால் ஓம்னெட்++-இன் ஐநெட் நூலகத்தில் சுமார் 0.6 மெகாபிட் வரும். என்எஸ்-2-இல் 1.6 மெகாபிட். என்எஸ்-3-இல் 10.5-ஐ ஒட்டி வரும். மினிநெட்டில் 90-ஐத் தொடலாம். ஒரே கேள்விக்கு நான்கு விடைகள், அதுவும் கீழ்விடைக்கும் மேல்விடைக்கும் நடுவில் 150 மடங்கு இடைவெளி.

இதில் பிழை எதுவும் இல்லை. நான்கையும் பேனாவும் தாளும் வைத்தே கணக்கிட்டுவிடலாம். டிசிபி ஒரு சுற்றுக்கு ஒரு விண்டோ அளவு தரவைத்தான் அனுப்ப முடியும். விண்டோவைச் சுற்று நேரத்தால் வகுத்தால் உச்ச வேகம் கிடைக்கும். ஐநெட்டில் பெறுபவர் அறிவிக்கும் விண்டோ நெடுங்காலமாக 536 பைட்டின் 14 மடங்கு, அதாவது 7504 பைட். அதை 8-ஆல் பெருக்கி 0.1 விநாடியால் வகுத்தால் 0.6 மெகாபிட். என்எஸ்-2-இல் விண்டோ 20 பாக்கெட், பாக்கெட்டுக்கு 1000 பைட், ஆகவே 1.6. என்எஸ்-3-இல் அனுப்பும் பஃபரும் பெறும் பஃபரும் 131072 பைட், ஆகவே 10.5. மினிநெட் உங்கள் லினக்ஸ் கெர்னலின் சொந்த டிசிபியையே ஓட்டுகிறது. லினக்ஸ் பஃபரைத் தேவைக்கேற்பத் தானே பெரிதாக்கிக்கொள்ளும், வழக்கமான மேல் எல்லை பெறும் பக்கத்தில் 6 மெகாபைட். இந்த லிங்க்கை நிரப்ப 1.25 மெகாபைட் போதும் என்பதால் லிங்க் நிரம்பிவிடுகிறது.

இப்போது ஒரு மாணவர் என்எஸ்-2-இல் ஓட்டிய 1.6-ஐ எடுத்து, “எங்கள் புதிய வழிமுறை என்எஸ்-3-இல் 10 மெகாபிட் தருகிறது, ஆறு மடங்கு முன்னேற்றம்” என்று எழுதினால் என்ன ஆகும்? கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், இதே தப்பு கொஞ்சம் மறைவான உருவத்தில் ஏராளமான புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. என் எம்.ஈ. ரிப்போர்ட்டிலும் இருந்தது. அந்தக் கதை நான்காம் படியில் வருகிறது.

சிமுலேட்டர் தரும் எண்ணில் உங்கள் புரோட்டோகாலின் பங்கு எவ்வளவு, மென்பொருளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் முறையைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். எம்.ஈ., எம்.டெக்., பிஎச்.டி. செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். டிசிபி, யுடிபி, வைஃபை என்றால் என்ன என்பது தெரிந்திருந்தால் போதும்.

படி 1: கருவியின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். என்எஸ்-2, என்எஸ்-3, ஓம்னெட்++, ஓப்நெட், குவால்நெட், பெங்களூரில் உருவான நெட்சிம் ஆகியவை நிகழ்வு அடிப்படையில் ஓடும் சிமுலேட்டர்கள். அவற்றின் கடிகாரம் கற்பனைக் கடிகாரம். கணினி மெதுவாக இருந்தால் சிமுலேஷன் முடிய நேரமாகும், விடை மாறாது.

மினிநெட் எமுலேட்டர். ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 2010-இல் வெளிவந்தது. அதில் ஓடுவது நிஜ கெர்னல், நிஜக் கடிகாரம். லேப்டாப்பில் பின்னணியில் பிரவுசர் பத்து டேப் திறந்திருந்தாலே டிலே எண்கள் ஆடத் தொடங்கும். 4 கோர் உள்ள கணினியில் 200 ஹோஸ்ட், ஒவ்வொரு லிங்க்கும் 1 கிகாபிட் என்று கட்டிவிட்டு, கிடைத்ததை நெட்வொர்க்கின் செயல்திறன் என்று எழுதினால், நீங்கள் அளந்தது உங்கள் பிராசசரைத்தான். இன்னொரு கண்ணியும் உண்டு. அதில் டிலேயை உருவாக்கும் நெட்டெம் என்ற கெர்னல் பகுதியின் வரிசையில் டிஃபால்டாக 1000 பாக்கெட்டுகள்தான் நிற்க முடியும். 1 கிகாபிட் லிங்க்கில் 100 மில்லிவிநாடி டிலே வைத்தால் 1500 பைட் பாக்கெட்டுகள் எட்டாயிரத்துக்கு மேல் அங்கே காத்திருக்க வேண்டும். மிச்சமெல்லாம் சத்தமில்லாமல் கீழே விழும்.

பாக்கெட் டிரேசர், ஜிஎன்எஸ்3 இரண்டும் கட்டளைகளையும் கட்டமைப்பையும் பழக நல்லவை. அவற்றில் த்ரூபுட் அளந்து வரைபடம் போடாதீர்கள்.

படி 2: ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பிப் பாருங்கள்

ஐம்பது நோடு வைத்து ஓட்டும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும். முதலில் இரண்டு நோடு, ஒரு லிங்க், ஒரு பாக்கெட் போதும். விடையைக் கையால் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, கடைசி இலக்கம் வரை பொருந்துகிறதா என்று பாருங்கள்.

என்எஸ்-3 கற்கும் எல்லோரும் முதலில் ஓட்டும் பாடம் இதற்குக் கச்சிதமானது. 5 மெகாபிட் லிங்க், 2 மில்லிவிநாடி டிலே, 1024 பைட் யுடிபி பாக்கெட். கிளையன்ட் 2-ஆவது விநாடியில் அனுப்புகிறது, சர்வருக்கு 2.00369-ஆவது விநாடியில் கிடைத்தது என்று திரையில் வரும். அந்த 0.00369 எங்கிருந்து வந்தது? 1024 பைட்டோடு யுடிபி தலைப்பு (ஹெடர்) 8, ஐபி தலைப்பு 20, லிங்க்கின் பிபிபி தலைப்பு 2 சேர்த்தால் 1054 பைட், அதாவது 8432 பிட். 5 மெகாபிட் வேகத்தில் அது வெளியேற 1.6864 மில்லிவிநாடி. டிலே 2-ஐச் சேர்த்தால் 3.6864. பொருந்துகிறது. பதில் பாக்கெட் 2.00737-இல் வந்து சேருவதும் இதே கணக்கின் இரண்டு மடங்குதான்.

இதையே என்எஸ்-2-இல் செய்தால் 3.6384 வரும். அங்கே கம்பிவழி யுடிபியில் பாக்கெட் அளவு 1024 என்று சொன்னால் லிங்க்கில் போவதும் 1024-தான். தலைப்புகளை நீங்களாகச் சேர்த்தால்தான் உண்டு. 0.048 மில்லிவிநாடி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். குரல் அழைப்பு போல 20 பைட் தரவு சுமக்கும் பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தலைப்பே தரவைவிடப் பெரிது. ஒரு சிமுலேட்டரில் லிங்க் காலியாகக் கிடக்கும்போது இன்னொன்றில் வரிசை நிரம்பி வழியும்.

வைஃபை என்றால் இரண்டு நோடுக்கான உச்ச த்ரூபுட்டைக் கணக்கிடுங்கள். பழைய 802.11பி, 11 மெகாபிட், 1500 பைட் ஐபி பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் முன் டிஃப்ஸ் என்ற கட்டாயக் காத்திருப்பு 50 மைக்ரோவிநாடி, பேக்ஆஃப் என்ற ரேண்டம் காத்திருப்பு சராசரியாக 310, முன்னுரைத் தலைப்பு 192, தரவு சுமார் 1117, சிஃப்ஸ் என்ற சிறு இடைவெளி 10, 1 மெகாபிட் வேகத்தில் வரும் ஒப்புதல் 304. மொத்தம் 1983. யுடிபி தரவு 1472 பைட் என்பதால் த்ரூபுட் 5.94 மெகாபிட். 11 என்று பெட்டியில் எழுதியிருக்கும் கருவி ஆறைக்கூடத் தராது என்பதைப் பலர் முதன்முதலாக இந்தக் கணக்கில்தான் பார்க்கிறார்கள்.

சரி, இப்போது அனுப்பலாமா என்று கேட்டு அனுமதி வாங்கும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கைகுலுக்கலை இயக்குங்கள். கூடுதலாக 676 மைக்ரோவிநாடி ஆகும். த்ரூபுட் 4.43-க்கு இறங்கும். கால்பங்கு போய்விட்டது. இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், என்எஸ்-2-இல் ஆர்டிஎஸ் வரம்பு டிஃபால்டாக 0, அதாவது யாருக்கும் தனியாக அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கைகுலுக்கல் நடக்கும். என்எஸ்-3-இல் அந்த வரம்பு சாதாரண பாக்கெட் எதுவும் எட்டாத உயரத்தில் இருக்கிறது, அதாவது அணைத்தே இருக்கிறது. இரண்டு மென்பொருளையும் ஒப்பிட்டு ஒன்றில் வைஃபை 25 சதவீதம் மெதுவு என்று யாராவது சொன்னால், முதலில் இந்த வரியைத் திறந்து பாருங்கள்.

படி 3: டிஃபால்ட் மதிப்புகளை எழுதி வையுங்கள்

நீங்கள் மாற்றிய மதிப்புகள் உங்களுக்குத் தெரியும். மாற்றாத மதிப்புகள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. என்எஸ்-2-இல் அவை ஒரே இடத்தில், டிசிஎல் நூலக ஃபோல்டரில் உள்ள டிஃபால்ட் ஃபைலில் இருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து அதை முழுக்கப் படிப்பது ஒரு பாடநூலைப் படிப்பதற்குச் சமம். என்எஸ்-3-இல் கான்ஃபிக்ஸ்டோர் என்ற வசதி எல்லா மதிப்புகளையும் ஒரு ஃபைலில் கொட்டித் தரும். ஓம்னெட்++-இல் ஒவ்வொரு மாட்யூலின் நெட் ஃபைலிலும் டிஃபால்ட் எழுதியிருக்கும். மினிநெட் என்றால் லினக்ஸின் சிஸ்கண்ட்ரோல் மதிப்புகளைப் பார்க்க வேண்டும்.

டிசிபியில் பார்க்க வேண்டியவை: செக்மெண்ட் அளவு, விண்டோ அல்லது பஃபர், தொடக்க விண்டோ, நெரிசல் கட்டுப்பாட்டு வகை. என்எஸ்-3-இல் செக்மெண்ட் அளவு டிஃபால்டாக 536 பைட். ஈதர்நெட்டில் நிஜ இயந்திரங்கள் 1460-ஐ ஒட்டி அனுப்புகின்றன. 536-க்கு 40 பைட் தலைப்பு என்றால் ஏறக்குறைய 7 சதவீதம் தலைப்புக்கே போகிறது. வைஃபையில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே பாக்கெட்டின் நீளத்தைவிட எண்ணிக்கைதான் நேரத்தைத் தின்கிறது.

ரூட்டிங்கில் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏஓடிவி என்ற ரூட்டிங் புரோட்டோகால் ஒரே பெயரில் என்எஸ்-2, என்எஸ்-3 இரண்டிலும் இருக்கிறது. என்எஸ்-2-இல் அண்டை நோடு போய்விட்டதை, காற்றில் யார் எப்போது அனுப்புவது என்று பார்த்துக்கொள்ளும் மேக் அடுக்கே சொல்லும். “நான் இருக்கிறேன்” என்று அண்டை நோடுகளுக்குச் சொல்லும் ஹலோ செய்திகள் டிஃபால்டாகப் போவதில்லை. என்எஸ்-3-இல் ஹலோ இயங்கிய நிலையில் வருகிறது, விநாடிக்கு ஒன்று. 50 நோடு, 100 விநாடி என்றால் ஏறக்குறைய 5000 கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகள், ஒரு பைட் தரவு நகர்வதற்கு முன்பே. ரூட்டிங் சுமை அதிகம் என்று என்எஸ்-3-இல் ஓட்டிய ஏஓடிவியைக் குறை சொல்லும் வரைபடங்களில் கணிசமான பங்கு இந்த ஹலோக்கள்தான்.

பதிப்பு எண்ணையும் மறக்காதீர்கள். என்எஸ்-3-இல் டிசிபியின் டிஃபால்ட் நெரிசல் கட்டுப்பாடு ஒரு காலத்தில் நியூரினோ, இப்போது கியூபிக். என்எஸ்-3 என்று மட்டும் எழுதினால் எந்த டிசிபி ஓடியது என்று படிப்பவருக்குத் தெரியாது. என்எஸ்-2-இல் அந்தக் கவலை குறைவு. அதன் கடைசிப் பதிப்பான 2.35 வந்தது 2011-இல்.

படி 4: காற்றை எப்படிக் கற்பனை செய்கிறது என்று பாருங்கள்

கம்பியில்லா நெட்வொர்க் என்றால் முழு வழிகாட்டியிலும் இதுதான் முக்கியமான படி. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

எங்கள் லேபில் ஓர் என்எஸ்-2 ஸ்கிரிப்ட் இருந்தது. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுத்து, அவர்கள் அடுத்த பேட்சுக்குக் கொடுத்து, சமையலறை அஞ்சறைப்பெட்டி போல கைமாறி வந்தது. 1000 மீட்டருக்கு 1000 மீட்டர் சதுரம், 50 நோடு, ஏஓடிவி. டெலிவரி விகிதம், அதாவது அனுப்பியதில் போய்ச் சேர்ந்த பாக்கெட்டுகளின் பங்கு, 90 சதவீதத்துக்கு மேல் வரும். நான் அதையே என்எஸ்-3-க்கு மாற்றினேன். நோடுகளின் இடம், வேகம், டிராஃபிக் எல்லாம் அதேதான். டெலிவரி விகிதம் தரைமட்டமானது. நானும் அசராமல், நவீன சிமுலேட்டரில் ஏஓடிவியின் பலவீனம் வெளிப்படுகிறது என்று ஒரு பத்தி எழுதிவிட்டேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, உங்க நோடு எவ்வளவு தூரம் கேட்கும்?” எனக்குத் தெரியவில்லை.

விடை இதுதான். என்எஸ்-2-இன் டிஃபால்ட், 914 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடிய பழைய வேவ்லேன் அட்டையைப் பார்த்து அமைத்தது. இருகதிர் தரைப் பிரதிபலிப்பு மாடலோடு சேர்த்தால் சரியாக 250 மீட்டர் வரை பாக்கெட் புரியும், 550 மீட்டர் வரை சத்தம் கேட்கும். 249-இல் நூற்றுக்கு நூறு, 251-இல் பூஜ்யம். கவராயம் வைத்து வரைந்த வட்டம்.

என்எஸ்-3-இல் வைஃபை சேனலின் டிஃபால்ட் மாடல் வேறு. முதல் மீட்டரில் 46.68 டெசிபல் இழப்பு, அதற்குப் பிறகு தூரம் பத்து மடங்காகும்போதெல்லாம் 30 டெசிபல். அனுப்பும் சக்தி 16 டிபிஎம். 250 மீட்டரில் கணக்கிட்டால் வந்து சேர்வது மைனஸ் 102.6 டிபிஎம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சலோ மைனஸ் 94-ஐ ஒட்டி இருக்கிறது. இரைச்சலைவிடச் சிக்னல் 8 டெசிபலுக்கு மேல் தாழ்ந்தால் மெதுவான 6 மெகாபிட் வேகத்தில்கூட எதுவும் புரியாது. 100 மீட்டரிலேயே மைனஸ் 90.7, தட்டுத்தடுமாறித்தான் நிற்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். சதுரத்தில் 50 நோடு தூவினால், 250 மீட்டர் வட்டத்துக்குள் ஒரு நோடுக்குச் சராசரியாகப் பத்துப் பக்கத்து வீட்டார். 100 மீட்டர் வட்டத்துக்குள் ஒன்றரைப் பேர். என் நெட்வொர்க் துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. அதில் எந்த ரூட்டிங் புரோட்டோகாலாலும் வழி கண்டுபிடித்திருக்க முடியாது. ஏஓடிவி மீது நான் சுமத்திய பழியை அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டேன். பத்தியையும் ரிப்போர்ட்டிலிருந்து கிழித்தேன்.

தூரத்தைச் சரிக்கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. குறுக்கீட்டை எப்படிக் கூட்டுகிறது என்ற கேள்வி இருக்கிறது. என்எஸ்-2-இன் பழைய 802.11 மாடல் இரண்டிரண்டு பாக்கெட்டுகளாகத்தான் ஒப்பிடும்: வந்துகொண்டிருப்பது புதிதாக வந்ததைவிட 10 டெசிபல் வலுவாக இருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் மோதல். தூரத்திலிருந்து பத்துப் பேர் முணுமுணுத்தால் அந்த முணுமுணுப்புகள் சேர்ந்து ஒரு கூச்சலாகும் என்பது அதற்குத் தெரியாது. குளோமோசிம் என்ற இன்னொரு சிமுலேட்டர், என்எஸ்-3 போன்றவை எல்லாக் குறுக்கீட்டையும் கூட்டிப் பார்க்கின்றன. நோடுகள் நெருக்கமாகவும் டிராஃபிக் அதிகமாகவும் இருக்கும்போது இரண்டும் வெவ்வேறு திசையில் போகும்.

இது எண்ணின் அளவை மட்டும் மாற்றினால்கூடப் பரவாயில்லை. யார் முதலிடம் என்பதையே மாற்றும். 2001-இல் டக்காய், மார்ட்டின், பக்ரோடியா ஆகிய மூவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து இதைக் காட்டினார்கள். குறுக்கீட்டுக் கணக்கு, முன்னுரை நீளம் போன்ற கீழடுக்கு விவரங்கள் ஏஓடிவியையும் டிஎஸ்ஆர் என்ற இன்னொரு ரூட்டிங் புரோட்டோகாலையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை, அதனால் அவற்றின் தரவரிசை இடம் மாறலாம் என்பது அவர்கள் கண்டது. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் லொசானில் கேவின், சாசன், ஷிப்பர் மூவரும் வந்த செய்தியை ஒவ்வொரு நோடும் திரும்ப எல்லோருக்கும் அனுப்பும் மிக எளிய வெள்ளப் பரப்பல் ஒன்றை எடுத்து ஓப்நெட், என்எஸ்-2, குளோமோசிம் மூன்றிலும் ஓட்டினார்கள். பத்து வரியில் எழுதிவிடக்கூடிய அல்காரிதம் அது. மூன்றின் முடிவுகளும் எண்ணிலும் ஒத்துப்போகவில்லை, போக்கிலும் ஒத்துப்போகவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது: இரண்டு நோடுகளை வைத்து ஒன்றை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். 5 மீட்டருக்கு ஒருமுறை ஆயிரம் பாக்கெட் அனுப்பி எத்தனை சேர்ந்தன என்று வரையுங்கள். ஒலிபரப்புப் பாக்கெட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் மேக் அடுக்கின் மறுமுயற்சிகள் இழப்பை மறைத்துவிடும். அந்த ஒரு வரைபடத்தை ரிப்போர்ட்டில் சேர்த்துவிட்டால் தேர்வாளரின் கேள்விக்குப் பதில் தயார்.

படி 5: நோடுகள் எப்படி நகர்கின்றன?

ஒவ்வொரு நோடும் ஓர் இடத்தையும் ஒரு வேகத்தையும் ரேண்டமாகத் தேர்ந்தெடுத்துப் பயணிக்கும் ரேண்டம் வேபாயிண்ட் மாடலில், குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யமாக வைத்தால் சிமுலேஷன் ஓட ஓட நோடுகளின் சராசரி வேகம் தேய்ந்துகொண்டே போகும். ஆமை வேகம் கிடைத்த நோடு தன் பயணத்தை முடிக்கவே முடிக்காது. அப்படிப்பட்டவை மெல்ல மெல்லக் குவியும். யூன், லியூ, நோபிள் 2003-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். நீங்கள் “சராசரி வேகம் 10 மீட்டர்” என்று எழுதியிருப்பீர்கள், 900-ஆவது விநாடியில் உள்ளே நடப்பது வேறாக இருக்கும். குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யத்துக்கு மேலே வையுங்கள், தொடக்கப் பகுதியை அளவீட்டில் சேர்க்காதீர்கள். இன்னும் நல்லது, நகர்வை ஒருமுறை உருவாக்கி ஃபைலாக வைத்து அதையே எல்லாச் சிமுலேட்டருக்கும் ஊட்டுவது.

படி 6: எந்த இடத்தில் அளக்கிறீர்கள்?

த்ரூபுட் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கருவியிலும் ஓர் அர்த்தம். என்எஸ்-3-இன் ஃப்ளோமானிட்டர் ஐபி அடுக்கில் அளக்கிறது, தலைப்புகளையும் சேர்த்து எண்ணும். 512 பைட் யுடிபி தரவு அங்கே 540 பைட்டாகப் பதிவாகும். சும்மா கிடைத்த ஐந்தரை சதவீதம். செயலி அடுக்கில் எண்ணியவரோடு அதை ஒப்பிட்டால் உங்கள் பக்கம் எப்போதும் ஜெயிக்கும்.

என்எஸ்-2 பயன்படுத்துபவர்கள் ஆக் (awk) ஸ்கிரிப்ட் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, பாக்கெட் நிகழ்வுகள் வரிவரியாகப் பதிவாகும் ட்ரேஸ் ஃபைலை வடிகட்டுவது வழக்கம். அதில் பாதி ஸ்கிரிப்டுகள் செயலி அடுக்கின் வரிகளையும் ரூட்டர், மேக் அடுக்கின் வரிகளையும் பிரிக்காமல் கூட்டுகின்றன. ஒரு பாக்கெட் மூன்று தாவலில் போனால் மூன்று முறை எண்ணப்படும். டெலிவரி விகிதம் 100-ஐத் தாண்டினால் உடனே பிடிபட்டுவிடும், தாண்டாமல் 97-இல் நின்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஸ்கிரிப்டைச் சோதிக்க எளிய வழி ஐந்து பாக்கெட் மட்டும் அனுப்பிக் கையால் எண்ணுவது.

டிலேயில் ஒரு நுட்பமான ஏமாற்று உண்டு. வந்து சேர்ந்த பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் சராசரி எடுக்க முடியும். நிறையத் தொலைக்கும் சிமுலேட்டரில் பக்கத்து நோடுக்குப் போகும் பாக்கெட்டுகளே பிழைக்கும். ஆகவே டிலே அழகாகக் குறைந்து காட்டும். டிலேயைத் தனியாகக் காட்டாதீர்கள், பக்கத்திலேயே டெலிவரி விகிதமும் இருக்கட்டும்.

படி 7: ஒருமுறை ஓட்டினால் போதாது

என்எஸ்-3-இல் எதையும் மாற்றாமல் நூறு முறை ஓட்டினாலும் நூறு முறையும் ஒரே விடைதான், ஏனென்றால் ரேண்டம் எண்களைத் தீர்மானிக்கும் விதை எண்ணும் ஓட்ட எண்ணும் டிஃபால்டாக 1. என்எஸ்-2-இல் விதை எண் 12345. இதைப் பார்த்து முடிவு நிலையானது என்று நம்பியவர்கள் இருக்கிறார்கள். என்எஸ்-3-இல் விதையை அப்படியே விட்டு ஓட்ட எண்ணை மட்டும் 1, 2, 3 என்று மாற்றிக்கொண்டு போங்கள். ஒன்றோடொன்று மேற்படாத எண் வரிசைகள் கிடைக்கும்.

குறைந்தது 10 ஓட்டம், முடிந்தால் 30. சராசரியோடு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் போடுங்கள். 10 ஓட்டத்துக்குத் திட்ட விலக்கத்தை 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்து 2.262-ஆல் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, சராசரி 82, விலக்கம் 7 என்றால் இடைவெளி இருபக்கமும் 5. அப்போது 82-க்கும் 85-க்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. இரண்டு சிமுலேட்டர்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம்கூடச் சில நேரம் வெறும் விதை எண்ணின் விளையாட்டாக இருக்கும்.

படி 8: இரண்டாவது சிமுலேட்டரில் ஓட்டி, முரண்பாட்டைத் துரத்துங்கள்

எல்லாவற்றையும் இரண்டிலும் ஓட்டத் தேவையில்லை. உங்கள் முக்கியமான வரைபடத்தின் இரண்டு மூன்று புள்ளிகள் போதும். எண்கள் அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். என் அளவுகோல் இப்படி: யார் முதலிடம் என்பது இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா, சுமையைக் கூட்டும்போது வளைவு ஒரே பக்கம் சாய்கிறதா, நெட்வொர்க் திணறத் தொடங்கும் இடம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் தூக்கம் வரும்.

இல்லை என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். முதலில் நகர்வை நிறுத்துங்கள். வித்தியாசம் மறைந்தால் காரணம் நகர்வு மாடலில். மறையவில்லையா, ரூட்டிங்கை எடுத்துவிட்டு நிலையான வழியைப் போடுங்கள். அப்புறமும் இருந்தால் டிசிபியை யுடிபி ஆக்குங்கள். பிறகு நோடுகளை இரண்டாகக் குறையுங்கள். எங்கேயாவது இரண்டும் ஒத்துப்போகும். கடைசியாகக் கழற்றிய பாகத்தில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு ட்ரேஸ் ஃபைலையும் பக்கத்தில் வைத்து, நேரம் முதன்முதலாகப் பிரியும் வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் அது முகவரி கேட்கும் ஓர் ஏஆர்பி செய்தியாகவோ, எதிர்பாராத ஹலோவாகவோ, ஒருவர் அனுப்பி மற்றவர் அனுப்பாத ஆர்டிஎஸ்ஸாகவோ இருக்கும்.

வேகத்தையும் ஒரு காரணமாக வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது தப்பில்லை. 2009-இல் ஜெர்மனியின் ஆஹன் நகரிலிருந்து வெங்கார்ட்னரும் குழுவினரும் ஐந்து சிமுலேட்டர்களை ஒரே காட்சியில் ஓட்டிப் பார்த்தபோது, ஓட்ட நேரம், நினைவகம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்எஸ்-3 முன்னே நின்றது. 30 ஓட்டங்களை ஓர் இரவில் முடிக்க முடிகிறதா என்பது நடைமுறையில் பெரிய விஷயம். ஆனால் உங்கள் புரோட்டோகாலுக்கு வேண்டிய கீழடுக்கு மாடல் எதில் சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்குப் பிறகுதான் அது வர வேண்டும்.

படி 9: எழுதும்போது

2005-இல் குர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலக்ரோசோ மூவரும் கம்பியில்லா நெட்வொர்க் ஆய்வுக்கான மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வெளியான 151 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 114 கட்டுரைகள் சிமுலேஷனைப் பயன்படுத்தியிருந்தன. அதில் 34 கட்டுரைகள் எந்தச் சிமுலேட்டர் என்றுகூடச் சொல்லவில்லை. இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கக்கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு. உலகின் முன்னணி மாநாடு ஒன்றில் நிலைமை இது.

உங்கள் ரிப்போர்ட்டில் சிமுலேட்டரின் பெயரும் பதிப்பும், இயங்குதளம், மாற்றிய மதிப்புகள், மாற்றாமல் விட்ட முக்கிய மதிப்புகள், சிக்னல் இழப்பைக் கணக்கிடும் பரவல் மாடலும் அதில் தூரத்தின் அடுக்கெண்ணும், அளந்த அடுக்கு, தொடக்கத்தில் கழித்த விநாடிகள், ஓட்டங்களின் எண்ணிக்கை, விதை எண்கள் எல்லாம் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். டிசிபி பஃபர் 131072 பைட், சுற்று நேரம் 100 மில்லிவிநாடி என்று ஒரு வரி அங்கே இருந்தால், உங்கள் 10.5 மெகாபிட் எங்கிருந்து வந்தது என்று படிப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.